இறக்கத்துக்கு முன்னால்

சின்னவனுக்கு வயது நாற்பதைத் தாண்டி மீசையில் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. காய்ச்சல் வந்தால் பக்கத்தில் விழித்துக் கிடந்தவள், பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பியவள் எல்லாம் அவள்தான். லாரி ஓட்டப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது சொந்தக்காரர்கள் ஆளாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும், ஓட்டுவதென்றால் ஒழுங்காக ஓட்டு என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சொல்லை அவன் தட்டியதே இல்லை. அவன் மனைவிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு. "உங்க அக்கா கிணத்துல குதின்னா, எந்தக் கிணறுன்னு மட்டும் கேப்பீங்க" என்பாள்.

அந்த அக்கா தேனீ வளர்த்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தில் வரிசையாகப் பெட்டிகள். போன பருவத்தில் பக்கத்து வயல்களில் பூ விட்டிருந்த நேரம் பார்த்து மருந்து தெளித்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி வாசல்களில் தேனீக்கள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. அக்கா அவற்றைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக் குழியில் கொட்டினாள். பிழைத்த கொஞ்சக் கூட்டங்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் காட்டி, கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்து, மறுபடி பெருக்கினாள். இனி இந்த இடம் வேண்டாம் என்று முடிவும் செய்துவிட்டாள். மலைக்கு அந்தப்புறம் ஒரு பழத்தோட்டக்காரர், மருந்து அடிக்கமாட்டேன், பெட்டிகளை என் தோட்டத்தில் வைத்துக்கொள் என்று ஒத்துக்கொண்டிருந்தார்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு என்றான் சின்னவன். சொந்த லாரி, ஒற்றை லாரி. அவன் பிழைப்பே அதுதான். இத்தனைக்கும் அவனுக்குத் தேனீ என்றால் குலை நடுக்கம். அக்கா வீட்டுக்குப் போனால் பின்வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான்.

தேனீக்கள் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, விடியலுக்கு முன்னால் பெட்டிகளை ஏற்றினார்கள். வாசல்களைக் கம்பிவலையால் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டு இறுக்கியதெல்லாம் அக்காவும் கூலிக்கு வந்தவர்களும்தான். சின்னவன் கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே, இப்படிக் கட்டு, அப்படிக் கட்டு என்று கை காட்டினான். அக்கா ஏறி உட்கார்ந்ததும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாள். வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடினால்தான் பெட்டிகளுக்குள் காற்று புகும். அடைத்த பெட்டியோடு வெயிலில் நின்றால் உள்ளே சூடேறி, மெழுகு உருகி, எல்லாம் வெந்து போகும்.

"வெயில் ஏறுறதுக்குள்ள மலையைத் தாண்டிருவோம்க்கா. நீ தூங்கு" என்றான் அவன்.

அவள் தூங்கவில்லை. அவன் ஓட்டும் வண்டியில் அவள் ஏறுவதே அபூர்வம். ஏறிவிட்டால் ஸ்டீயரிங் ஒன்றுதான் அவள் கையில் இருக்காது. மற்றபடி ஓட்டுவது அவள்தான். பாத்துப் போ, சைக்கிள் வருது, அவனுக்கு வழி விடு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவனும் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

மலையடிவாரத்து ஊர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. இஞ்சினுக்கு உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் மெல்லத் தட்டுவது போல இருந்தது. முதலில், கருவிப் பெட்டியில் ஸ்பேனர் ஏதோ உருள்கிறது என்று நினைத்தான். ஆக்சிலேட்டரை மிதித்தான். தட்டல் வேகமெடுத்தது. காலை எடுத்தான். தணிந்தது. கண் தானாக ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளுக்குப் போனது. நிற்க வேண்டிய இடத்தை விட்டு முள் மிகவும் கீழே கிடந்தது.

ஊர் எல்லையில் அவனுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். அங்கே வண்டியை மரநிழலில் ஓரங்கட்டினான். நிழல் பாதி லாரிக்குத்தான் எட்டியது. அக்கா இறங்கி, கேனில் கொண்டுவந்திருந்த தண்ணீரைப் பெட்டிகளின் வலைமேல் தெளிக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு அடியில் படுத்து, ஆயில் நட்டைத் தளர்த்தி, பழைய தகரத்தட்டு ஒன்றில் கொஞ்சம் எண்ணெய் பிடித்துக்கொண்டு வந்தார். வெயிலில் தட்டைச் சாய்த்துக் காட்டினார். கறுத்த எண்ணெய்க்குள் பொன்துகள் போல மினுமினுவென்று ஏதோ நகர்ந்தது.

"பேரிங்" என்றார். "மேல்பூச்சு தேஞ்சு செம்பு தெரிய ஆரம்பிச்சிருக்கு. இதோட ஓட்டினா உள்ள சுத்துற கிராங்க் தண்டைக் கடிக்கும். அப்புறம் ஒண்ணு இஞ்சின் இறுகி நிக்கும், இல்லன்னா ராடு ஒடிஞ்சு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். இப்பவே நிறுத்தினா காப்பாத்தலாம்."

எவ்வளவு தூரம் தாங்கும் என்று சின்னவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். அதை மட்டும் என்னிடம் கேட்காதே என்றார் மெக்கானிக். இதே சத்தத்தோடு வாரக்கணக்கில் ஓடிய வண்டியும் உண்டு, பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் உயிரை விட்ட வண்டியும் உண்டு.

பெட்டிகளை இங்கேயே இறக்கித் திறந்துவிடலாமா என்று பார்த்தால், பட்டறைச் சுவருக்கு அந்தப்பக்கம் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒரே குரலில் ஏதோ பாடம் ஒப்பிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இழுவை வண்டிக்காரருக்குப் போன் போட்டான். என்ன சுமை என்று அவர் கேட்டார். தேனீ என்று சொன்னான். "பாம்புன்னாகூட வந்துருவேன், அண்ணே. இது வேண்டாம்" என்று வைத்துவிட்டார். வேறு லாரி பிடித்து மாற்றி ஏற்றுவது என்றால் உச்சி வெயிலாகிவிடும்.

சின்னவன் தட்டில் இருந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கெட்டியான எண்ணெயாக இருந்தால் ஊற்றிக் கொடுங்கள், மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றான். மெக்கானிக் அவன் முகத்தைப் பார்த்தார். வண்டி உன்னுடையது என்று சொல்லிவிட்டு, எண்ணெய் டின்னை எடுத்து வந்தார்.

என்னவாம் என்று அக்கா கேட்டாள். எண்ணெய் குறைந்துவிட்டது, ஊற்றியாகிவிட்டது என்றான். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், சொல்லும்போது குனிந்து செருப்பை மாட்டுவது போலப் பாவனை செய்தான். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மெக்கானிக் மட்டும் கை துடைத்த துணியால் மறுபடி மறுபடி கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஏற்றம் தொடங்கியது. அவன் இஞ்சினை முறுக்காமல், கீழ் கியரிலேயே நகர்த்திக்கொண்டு போனான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். தட்டல் நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டலும் அவன் பாதம் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. ஆனாலும் அவனுக்குள் ஒருவிதமான நிறைவு இருந்தது. இஞ்சின் போனால் போகட்டும். வாழ்நாள் முழுக்க அக்கா கையால் வாங்கியே பழகியவன், இன்று அவளுக்காக ஒன்றை முழுசாகக் கொடுக்கப் போகிறான். அது அவளுக்குத் தெரியக்கூட வேண்டாம். தோட்டத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு, அப்புறம் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைக்க நினைக்க அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அக்கா வாயைத் திறக்கவே இல்லை. எதிரே மாட்டுக் கூட்டமே வந்தபோதுகூட, பாத்துப் போ என்று சொல்லவில்லை. அதை அவன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மலை உச்சியில் ரோடு கொஞ்ச தூரம் சமமாக ஓடி, பிறகு அந்தப்புறம் இறங்கும். அந்தச் சமதளத்தில் குடிநீர் பம்ப் நிலையம் ஒன்று இருந்தது. நீண்ட மதில், இரும்புக் கதவு, உள்ளே மரங்கள். அதை நெருங்கும்போது அக்கா சட்டென்று மூக்கை உயர்த்தி, "நிறுத்துடா" என்றாள்.

அவனுக்கும் அப்போதுதான் வாசனை வந்தது. தேன் வாசனை.

இறங்கிப் பின்பக்கம் போனார்கள். லாரியின் பின்பலகை விளிம்பிலிருந்து தேன் நூல் நூலாக இறங்கித் தார் ரோட்டில் விழுந்துகொண்டிருந்தது. வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கறை தெரிந்தது. தேனடை உருகிவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பெட்டி பெட்டியாகக் காதை வைத்துக் கேட்டாள். சில பெட்டிகளில் இரைச்சல் பலமாக இருந்தது. சிலவற்றில் மெலிந்திருந்தது. கேபினை ஒட்டி நடுவில் அடுக்கியிருந்த பெட்டி ஒன்றில் அவள் நெடுநேரம் காதை வைத்திருந்துவிட்டு, அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள்.

மிச்சத் தண்ணீரை எல்லாம் தெளித்துவிட்டுக் கீழே இறங்கினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இப்போ சொல்லு. அந்தத் தட்டுல என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் சொல்லிவிட்டான். பேரிங், செம்பு, கிராங்க் எல்லாம். சொல்லி முடித்த கையோடு, அதனால் ஒன்றுமில்லை என்று அவசரமாகத் தொடர்ந்தான். ஏற்றத்தில் உருட்டிக்கொண்டு வந்ததால்தான் காற்றில்லாமல் போச்சு. இனி இறக்கம். மிதிக்கவே வேண்டாம், வண்டி தானாக வேகம் எடுக்கும். வேகம் வந்தால் காற்று வரும். மிச்சம் இருப்பதெல்லாம் உயிரோடு போய்ச் சேர்ந்துவிடும். இங்கே நின்று ஒவ்வொன்றாக இறக்குவதற்குள் பாதி செத்துப்போகும்.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அக்காவும் தலையாட்டினாள்.

"இஞ்சின் போனா?"

"போகட்டும்க்கா. வண்டி என்ன, அப்புறம் பாத்துக்கலாம்."

"வண்டியைக் கேக்கலடா. இறக்கத்துல போனா என்ன ஆகும்?"

சின்னவன் இறக்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாதது இல்லை. இஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏறாது. டேங்கில் இருக்கிற காற்று சில மிதிகளுக்குத்தான். ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வழியும் போய்விடும். இதையெல்லாம் ஏற்றம் முழுக்க அவன் நினைக்கவே இல்லை. கொடுக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில், எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் வந்துவிட்டான்.

"அப்போ நீ பஸ் ஏறி வாக்கா. நான் தனியா இறக்கிடுறேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "உன்னை இதுல ஏத்தி அனுப்பிட்டு நான் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வரணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சாவியைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்று காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. சாலையோரத்துக் கல்லில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் வயதை அவன் பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றாள். "சொன்னா நீ செஞ்சிடுவே. போன்னா போவே, நில்லுன்னா நிப்பே. எனக்கு என்ன ஓடுது தெரியுமா உள்ள? போயிடலாம், சீக்கிரம் போயிடலாம்னுதான் ஓடுது. அந்தப் பெட்டிங்க சத்தம் காதுல இருக்கு. என் பேச்சை இப்ப நம்பாதே. ரோடு உனக்குத் தெரியும், வண்டி உனக்குத் தெரியும். நீ முடிவு பண்ணு. ஓட்டினா நானும் ஏறிக்குவேன்."

சின்னவன் கேபினில் ஏறி உட்கார்ந்தான். இஞ்சினை அவன் அணைத்திருக்கவில்லை. சும்மா ஓடும்போதும் அந்தத் தட்டல் கேட்டது. பின்னால் பெட்டிகளின் இரைச்சல். ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இறக்கத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். எத்தனையோ தடவை இறங்கிய ரோடு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். முதல் வளைவில் பிரேக் போனால் இடதுபுறம் மண்மேடு இருக்கிறது, அதில் சாய்த்துவிடலாம். அடுத்ததில் பள்ளம், ஆனால் தண்ணீர் போகிற ஓடைதான், கவிழ்ந்தாலும் பிழைக்கலாம். அதற்கப்புறம் பாறையைக் குடைந்த நேர்ச்சாலை, பக்கவாட்டில் உரசி உரசி வேகத்தைக் குறைக்கலாம். அதையும் தாண்டினால் வீடுகள் இருக்கிற வளைவு. ரோட்டை ஒட்டியே சுவர்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்தச் சுவர்களில்தான் சாய்ந்து நிற்பார்கள். அங்கே வண்டியை எங்கே விடுவது? வலதுபுறமா? வலதுபுறம் குழாயடி. இடதுபுறமா? அவன் மனசு அந்த வளைவுக்கு மறுபடி மறுபடி போய் வந்தது. எப்படித் திருப்பினாலும் லாரி யார் மேலாவதுதான் போய் நின்றது.

அப்போதுதான் அவனுக்குத் தான் செய்துகொண்டிருப்பது உறைத்தது. எங்கே மோதலாம் என்று இடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இஞ்சின் தாங்கிவிடும் என்று அவன் நம்பியிருந்தால் இந்தக் கணக்கையே போட்டிருக்கமாட்டான்.

கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு முதல் கியரைப் போட்டு, வண்டியை நடைவேகத்தில் உருட்டி, பம்ப் நிலையத்தின் இரும்புக் கதவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, இஞ்சினை அணைத்தான். தட்டல் நின்றது. பெட்டிகளின் இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது.

பம்ப் ஆபரேட்டர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். சட்டைப் பையில் பேனாவும் டார்ச்சும். வேறு யாரும் உள்ளே வரக்கூடாது, இது குடிதண்ணீர் விஷயம் என்று முதலில் கறாராகச் சொன்னார். அக்கா கெஞ்சவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பது இன்னது, இவ்வளவு நேரம் தாங்கும், திறந்துவிட்டால் தண்ணீர் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், மனிதரைத் தேடி வந்து கொட்டாது என்று சுருக்கமாகச் சொன்னாள். தேன் சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மேலதிகாரி கேட்டா நான் உள்ள மோட்டார்கிட்ட இருந்தேன், எனக்குத் தெரியாது" என்றார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, சொன்னபடியே மோட்டார் அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இறக்குவதற்கு இரண்டே பேர். அக்கா மேலேயிருந்து நகர்த்திக் கொடுக்க, சின்னவன் கீழே நின்று வாங்கினான். கையுறை இல்லை. முகவலை ஒன்றுதான் இருந்தது. அதை அவள் நீட்டியபோது, மாட்டிக்கொண்டால் வியர்வையில் கண் தெரியாது என்றான். உருகிய தேன் கையெல்லாம் வழிந்தது, பெட்டி வழுக்கியது. விரிசலில் தப்பி வந்தவை கழுத்தில் கொட்டின. முதல் கொட்டு விழுந்தபோது, இத்தனை வருஷம் பயந்தது இதற்கா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம் எண்ணவில்லை. வலித்தது, நன்றாகவே வலித்தது. பெட்டியைக் கீழே போடக்கூடாது என்பது மட்டும் மனதில் இருந்தது. பாதியில் யாரோ பக்கத்தில் வந்து அடுத்த பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்கள். பார்த்தால் பம்ப் ஆபரேட்டர். தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி, அதன்மேல் கண்ணாடியை மாட்டியிருந்தார். எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார்.

மரத்தடியில் வரிசையாக வைத்து, அக்கா ஒவ்வொன்றாகக் கம்பிவலையைப் பிரித்தாள். சில பெட்டிகளில் வலையை எடுத்ததும் கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தன. சுற்றின, உயர்ந்தன, பம்ப் நிலையத்தின் வழிந்தோடும் வாய்க்கால் விளிம்பில் போய் வரிசையாக உட்கார்ந்தன. சில பெட்டிகளில் கொஞ்சம் தாமதித்து, ஒன்றிரண்டாகத் தள்ளாடி வந்தன. சிலவற்றில் எதுவும் வரவில்லை. அந்தப் பெட்டிகளை அவள் தனியே எடுத்து வைத்தாள். முடிவில் பார்த்தபோது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்தப் பக்கம் சேர்ந்திருந்தது.

சின்னவன் வீங்கிய முகத்தோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தான். அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் செத்த பெட்டிகளின் மூடியைத் திறந்து, உருகிக் குழைந்து கிடந்த அடைகளைக் கையால் அகற்றி, எதையோ தேடினாள். ராணி ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தாளாம். ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் வரை அவள் அந்த வேலையை விடவில்லை. போன பருவத்தில் துடைப்பத்தோடு நின்றபோது இருந்த அதே முகம். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெயில் தாழ்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகுதான் இழுவை வண்டிக்காரர் வந்தார். பெட்டிகள் ஒன்றும் மேலே இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணாடியை இறக்கினார்.

இஞ்சினைப் பிரித்த அன்று சின்னவன் பட்டறைக்குப் போனான். மெக்கானிக் கழற்றிய பேரிங்குகளைச் சாக்கு விரித்து வரிசையாக வைத்திருந்தார். ஒன்று மட்டும் உரிந்து, சிவந்து, கையில் எடுத்தால் தகடு மாதிரி இருந்தது. கிராங்க்கில் கீறல் விழுந்திருந்தது; ஆனால் கடைந்து சரிசெய்துவிடலாம். சின்னவன் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இறக்கத்தில் போயிருந்தால் கண்டிப்பாக உடைந்திருக்கும்தானே என்று கேட்டான். கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லுங்கள் என்று அவன் கண் கெஞ்சியது.

மெக்கானிக் ஆறுதலுக்காக எதையும் சொல்கிறவர் இல்லை. இறக்கத்தில் இஞ்சினுக்குப் பளு குறைவு, அடி குறைவாகத்தான் விழும் என்றார். தோட்டம் வரை சத்தம் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கலாம். முதல் வளைவிலேயே இறுகியும் இருக்கலாம். "உறுதியா சொல்றவன் யாரா இருந்தாலும் அவன் பொய் சொல்றான்" என்றார்.

அக்கா பம்ப் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். பம்ப் ஆபரேட்டர் மேலதிகாரியிடம் என்ன சொன்னாரோ, பருவம் முடியும் வரை பெட்டிகள் அங்கேயே இருக்கட்டும் என்று அனுமதி வாங்கித் தந்துவிட்டார். தேனீக்கள் மலைச்சரிவில் காட்டுப் பூக்களைக் கண்டுபிடித்திருந்தன. சின்னவன் அடுத்தவர் லாரிக்குக் கூலி ஓட்டிக்கொண்டிருந்தான். ஓய்வு கிடைத்த ஒரு நாள் பஸ் ஏறி அக்காவைப் பார்க்கப் போனான்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனான். மெக்கானிக் பார்த்துவிட்டு அசந்துபோய்விட்டார், இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும் என்றார் என்று சொல்லிவிட வேண்டும். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும். தனக்கும்.

அவள் மரத்தடியில் தேனடைச் சட்டம் ஒன்றைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், முகத்தில் வீக்கம் வடிந்துவிட்டதா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு, இஞ்சினைப் பிரித்துவிட்டார்களா என்று கேட்டாள்.

அவன் தயார் செய்த வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன. அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சாச்சு. போய்ச் சேர்ந்திருக்கலாமாம்க்கா" என்றான். "சேராமலும் இருந்திருக்கலாமாம். அவருக்கும் தெரியல."

அக்கா சட்டத்தில் ஒட்டியிருந்த மெழுகை விரல்நகத்தால் எடுத்தாள்.

"அந்தப் பெட்டிங்க எல்லாம் பிழைச்சிருக்கலாம்" என்றாள்.

"ஆமாக்கா."

"எனக்கு இன்னும் வயித்தெரிச்சலாத்தான்டா இருக்கு. இல்லன்னு உன்கிட்ட சொல்லமாட்டேன்."

"எனக்கும்தான்."

அவள் தலையாட்டினாள். அவன் தப்பாகச் செய்துவிட்டான் என்றும் சொல்லவில்லை, சரியாகச் செய்தான் என்றும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அவளிடம் இப்படி ஒரு பதிலைக் கொடுத்துவிட்டு, அவள் என்ன சொல்வாளோ என்று பயப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

ஒரு பெரிய கூட்டத்தைப் பிரித்துக் காலிப் பெட்டியில் வைக்க வேண்டும், பம்ப் ஆபரேட்டருக்கு இன்று காய்ச்சல், ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்றாள் அக்கா. சின்னவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான்.